நூற்றுப் பதினாறு

"நூத்திப் பதினாறு" என்றாள் ரத்தப் பரிசோதனை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண். ஜெயக்கொடியிடம் சொல்லவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வார்டுக்குச் சொன்னாள். "சோடியம் நூத்திப் பதினாறு சிஸ்டர். ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டோம். டாக்டர்கிட்ட உடனே சொல்லிருங்க." பெயர் எதுவும் சொல்லவில்லை. ஜன்னல் வரிசையில் ஜெயக்கொடிக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள், பின்னால் ஐந்தாறு பேர், அவர்களில் யாருடைய எண்ணாகவும் அது இருந்திருக்கலாம். ஆனாலும் அவள் வரிசையை விட்டு விலகி முன்னால் போய், "சௌந்தரபாண்டி, அம்பத்தெட்டு வயசு, அவருக்குங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க யாரு அவருக்கு?" "தங்கச்சி." "உக்காருங்கம்மா. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு அவங்களே வந்து பேசுவாங்க." இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட மோசம், குரலை இறக்கிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எரிந்து விழுகிறவர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, குரலை இறக்கி அம்மா போடுகிறவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்பது இந்த ஒன்றரை வருஷத்தில் ஜெயக்கொடி படித்துக்கொண்ட பாடம்.

உட்கார்ந்தாள். மணி பத்தரை. ரவுண்ட்ஸ் முடிய எப்படியும் பதினொன்றேகால் ஆகும். முக்கால் மணி நேரம். நூற்றுப் பதினாறு. நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, நூற்று நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது, இது அவளுக்குச் சொந்தப் பிறந்த தேதியைவிட நன்றாகத் தெரியும், பிறந்த தேதியை அப்பா பள்ளிக்கூடத்தில் வாய்க்கு வந்தபடி சொல்லி எழுதியது. அப்படியென்றால் பத்தொன்பது குறைகிறது. பத்தொன்பது பெரிய எண்ணா சின்ன எண்ணா? காய்ச்சல் நூறிலிருந்து நூற்று நாலுக்குப் போனால் பிள்ளைக்குத் தூக்கிப் போடுகிறது, நாலுதான் வித்தியாசம். சர்க்கரை நூற்று நாற்பதிலிருந்து இருநூறு ஆனவன் டீக்கடையில் நின்று அரசியல் பேசிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குணம். இந்த எண்ணின் குணம் அவளுக்குப் பிடிபடவில்லை. சோடியம் என்றால் உப்புதான் என்கிறார்கள், உப்பின் குணம் தெரியும். இருபத்தாறு வருஷமாகச் சத்துணவுக் கூடத்தில் அவளுடைய கையும் உப்பும்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் என்றால் நாலு கை கல்லுப்பு, பருப்பு மசிந்ததும் ஒன்று, காய் அரை வேக்காடு ஆனதும் ஒன்று, புளியை ஊற்றிக் கொதி வந்தபின் இரண்டு, அப்புறம் விரல் நுனியில் கொஞ்சம். வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். ஆவியை மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான். வாயில வச்சுப் பாத்துச் சமைக்கிறவளுக்குக் கை எதுக்கு என்று கேட்பாள். பிள்ளைகளுக்குப் போடுமுன் டீச்சர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்று விதி, இருபத்தாறு வருஷமாக எத்தனையோ டீச்சர்கள் வந்து போனார்கள், அந்த நோட்டில் நன்று என்பதைத் தவிர யாரும் வேறு எழுதியதில்லை. இன்று பிச்சையம்மா சமைப்பாள். பிச்சையம்மா உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தரம் போடுகிறவள். போன் போட்டுச் சொல்லலாமா? சொன்னால், அண்ணனுக்கு எப்படி இருக்கு என்று கேட்பாள். வேண்டாம். ஒரு நாள் உப்புக் கரித்தால் பிள்ளைகள் செத்துவிடாது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஏன் இப்போது இந்தச் சொல் வருகிறது?

சரி, ஒழுங்காக யோசிக்க வேண்டும். முதலில் இருந்து. மூன்றரை மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்குத் தலை சுற்றியது, பக்கத்துத் தெரு டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு பிரஷர் நூற்றெழுபது, உப்பைக் குறைங்கம்மா என்றார். குறைக்கச் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஜெயக்கொடிக்குக் குறைக்க வராது. வச்சா குடுமி, சிரைச்சா மொட்டை. நாலு கைக்கு மூன்று கை போட்டுச் சமைப்பதை அவள் கை ஒத்துக்கொள்ளாது, போடாமல் இருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளும். அன்றைக்கு ராத்திரியே அண்ணனுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. ரசம், கீரை, மொச்சைக் குழம்பு, எதிலும் ஒரு கல் உப்பு இல்லை. தனக்கு மட்டும் வழக்கம்போல் உப்புப் போட்டு இன்னொரு அடுப்பில் வைத்துக்கொண்டாள், இப்போது அதை நினைத்தால் கூசுகிறது, ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து அவள் உப்போடு சாப்பிட்டாள், அவர் இல்லாமல் சாப்பிட்டார். ராஜபாளையம் ரூட்டில் முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டிய மனுஷன். கல்லுப்பட்டி ஓட்டலில் சாம்பார் சப்பென்று இருந்தால் முதலாளியைக் கூப்பிட்டு, இதை எந்தக் குளத்தில் மொண்டு வந்தீங்க என்று கேட்டவர். மதினி உயிரோடு இருந்தபோது ஒரு நாள் பொரியலில் உப்பு மறந்ததற்குத் தட்டை வாசல்வரை தள்ளிவிட்டவர். அவர் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. வைத்ததைத் தின்றார், கையைக் கழுவினார், டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார். நோய் அண்ணனை அடக்கிவிட்டது என்று ஜெயக்கொடி நினைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட, சின்னப் பிள்ள மாதிரி சாப்பிடுறாரு என்று பெருமையாகச் சொன்னாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், தொண்ணூறு நாள் அவருக்குக் குப்பையைப் போட்டிருக்கிறாள். தொண்ணூறு நாளில் பத்தொன்பது குறையாதா? குறையும். நிச்சயம் குறையும். ஒரு நாளைக்கு ஒரு கல் என்று வைத்தாலும் குறையும். அதனால்தான். அவள் போடாததால்தான். போடாததால் என்றால் போட்டால் ஏறிவிடும். எண்ணெய் குறைந்தால் வண்டி நிற்கும், ஊற்றினால் ஓடும், அண்ணனே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். இதில் பயப்பட என்ன இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அண்ணன் காலையில் தின்றதை வாந்தி எடுத்தார், தலை வலிக்குது கொடி என்றார். அதே பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். நூற்று இருபத்தெட்டு. காகிதத்தை நீட்டிய லேப்காரர், "உப்புச் சத்துக் கம்மியா இருக்கும்மா, கொஞ்சம் உப்பு சேத்துக்கங்க" என்றார். டாக்டர் வேறொன்று சொன்னார். "இவரு நுரையீரலுக்கு வைத்தியம் பாத்தவருல்ல, எதுக்கும் நீங்க மதுரையில அந்த டாக்டரம்மாட்டக் காட்டிருங்க" என்றார். இரண்டு பேச்சும் அரை மணிக்குள் காதில் விழுந்தவை. ஒன்றை வைத்துக்கொண்டாள், ஒன்றை விட்டுவிட்டாள். மாதக் கடைசியில் எப்படியும் மதுரைக்குச் செக்கப் போக வேண்டும், அதற்குள் ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தன் கைக்கு எட்டுகிற வியாதி. மருந்து, ஊசி, ஸ்கேன் என்று அவளுக்குப் புரியாத சாமான்கள் வைத்து ஆறு தரம் அண்ணனைப் படுத்தி எடுத்தார்கள், அப்போதெல்லாம் அவள் வராந்தாவில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது அப்படி இல்லை. இது உப்பு. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அரிசி களைந்து கஞ்சி வைத்தாள், இறுத்த தண்ணீரில் ஒரு கை போட்டாள், ஒரு செம்பு நிறையக் கொடுத்தாள். அண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான்டி சமைச்சிருக்க" என்றார். அழுதேவிட்டாள். அதற்குப் பிறகு காலையில் கஞ்சி, பத்து மணிக்கு உப்புப் போட்ட மோர், மதியம் வடித்த தண்ணீர், சாயங்காலம் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு, ராத்திரி மறுபடியும் கஞ்சி. நடுவில் தண்ணீர் கேட்டால் அதிலும் ஒரு சிட்டிகை. ஆறு செம்பு, ஏழு செம்பு. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதுகூடக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி நிறைய வைத்துவிட்டுப் போனாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள், அவரை அப்படி உப்பால் நனைத்தாள். பதினாலு நாள். நூற்று இருபத்தெட்டு ஏறியிருக்க வேண்டும்.

ஏறவில்லை. இதுதான் மாட்டிக்கொள்கிறது. போடாததால் இறங்கியது என்றால் போட்டபின் ஏறியிருக்க வேண்டும், பதினாலு நாள் போட்டு இன்னும் பன்னிரண்டு இறங்கியிருக்கிறது. சாம்பாரில் இப்படி நடக்காது. ஒருவேளை கல்லுப்பு ஆகாதோ, பாக்கெட் உப்பு வாங்கியிருக்க வேண்டுமோ. ஒருவேளை வாந்தியில் வெளியே போயிருக்கும். நேற்று முன்தினம் இரண்டு தரம் எடுத்தார். இருக்கும், வாந்திதான். இல்லையென்றால் அந்த ஜன்னல்காரி தப்பாகப் போட்டிருப்பாள், ஆனால் இரண்டு தரம் போட்டுப் பார்த்தோம் என்றாளே. நேற்று சாயங்காலம் ஜெயக்கொடி வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை காற்றில் வட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, அடுத்த கை தொடைக்குப் பக்கத்தில் எதையோ பிடித்து முன்னும் பின்னும் தள்ளியது. ஸ்டியரிங், கியர். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "என்னண்ணே பண்றீங்க?" என்றாள். "ஏறு ஏறு, படியில நிக்காத" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது. ஆலம்பட்டி தாண்டியாச்சா என்று கேட்டார். அவள் தாண்டியாச்சுண்ணே என்று சொன்னாள், என்ன சொல்வதென்று தெரியாமல். அப்புறம் பிரேக்கைப் பலமாக மிதித்து, கட்டில் கால் கிறீச்சிட, பக்கவாட்டில் சரிந்து தூங்கிப்போனார். அது தூக்கமா? காலையில் எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்தார், தெரிந்த முகம் என்பதுபோல் பார்த்தார், அவ்வளவுதான். ஆட்டோ பிடித்து, பஸ் வேண்டாம் என்று காரே பிடித்து, இங்கே மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது எட்டு மணி. கார்க்காரர் பிரேக் போட்ட போதெல்லாம் அண்ணனுடைய காலும் சேர்ந்து அழுத்தியது. அதை மட்டும் நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பையில் போன் அதிர்ந்தது. சுகந்தி. அண்ணன் மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள், மாசம் ஏழு. "என்ன அத்தை, ரிசல்ட் வந்துருச்சா?" "இன்னும் வரலத்தா." வாய் தானாகச் சொன்னது. "அப்பா பேசுறாரா?" "பேசுறாரு. தூங்குறாரு இப்ப." "நான் வேணா கிளம்பி வரட்டா?" "இந்த வயித்தோட நீ எங்க வர்ற? சும்மா உப்புக் குறைச்சல்தான். ரெண்டு பாட்டில் ஏத்துனா சரியாப் போயிரும்." "உப்பா அத்தை?" என்றாள் சுகந்தி. "போன தடவையும் உப்புக் குறைஞ்சுதான காட்டுச்சு?" ஜெயக்கொடி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போன் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல. "அது வேற, இது வேற. நான் அவருக்கு உப்பே போடலத்தா மூணு மாசமா. பிரஷருக்காக. அதான். டாக்டர் கூப்பிடுறாங்க, வைக்கிறேன்." யாரும் கூப்பிடவில்லை. எதிர்ச் சுவரில் மணி பத்து ஐம்பது.

அது வேறு, இது வேறு. சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு முதன்முதலில் இங்கே ரத்தம் எடுத்தபோது நூற்று இருபத்து நாலு. ஆமாம், இருந்தது, யார் இல்லையென்றார்கள். இருமலுக்கு என்று வந்தவருக்கு எதற்கு உப்பைப் பார்க்கிறார்கள் என்று ஜெயக்கொடிக்கு அப்போது எரிச்சல். அப்புறம் ஸ்கேன், அப்புறம் இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா மெர்சி உட்கார வைத்துச் சொன்னது, அப்புறம் முதல் ஊசி, முடி கொட்டியது. இரண்டாவது ஊசிக்கு வந்த அன்று மெர்சி டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த அம்மா சிரித்து ஜெயக்கொடி பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தரம். நூற்று முப்பத்தெட்டு. "மருந்து கேக்குதும்மா. ஸ்கேன் எடுக்குறதுக்கு முன்னாடியே உப்பு சொல்லிருச்சு பாருங்க" என்றார். ஸ்கேனுக்கு முன்னாடியே. ஜெயக்கொடி அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தன் செலவில் கேசரி கிண்டினாள், உப்பு சொல்லிருச்சு உப்பு சொல்லிருச்சு என்று பிச்சையம்மாவிடம் நாலு தரம் சொன்னாள். நல்ல சேதியை முன்னாடியே சொல்கிற உப்பு. அப்படியென்றால். இல்லை, அப்படியென்றால் ஒன்றும் இல்லை. கோள் சொல்கிறவள் நல்லதை மட்டுமா சொல்வாள், என்று மனசு கேட்டது. வாயை மூடு என்றாள் மனசிடம். அப்போது அவர் உப்புப் போட்டுத்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அப்போது குறைந்தது வேறு காரணம், இப்போது உப்பே போடவில்லை, இப்போது குறைந்தது அவளால். இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் ஒன்று இருக்கிறது. அப்போது சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கட்டில் பக்கத்தில் வைத்து, கோடு போட்டு, இவ்வளவு தண்ணிதான் ஒரு நாளைக்கு என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் திட்டிக்கொண்டே குடித்தார். கால் வீக்கத்துக்காக என்று ஜெயக்கொடி நினைத்துக்கொண்டாள். கால் வீங்கி இருந்ததா? ஞாபகம் இல்லை. வீங்கி இருந்திருக்கும். அந்த ஜக்கு எத்தனை தரம் வீட்டில் ஞாபகத்துக்கு வந்தது, கஞ்சியை ஊற்றும்போது ஒரு தரம், மோரை ஆற்றும்போது ஒரு தரம். வந்த ஒவ்வொரு தரமும் கையை உதறுவதுபோல உதறினாள். தெரிந்தே உதறினாளா? தெரியவில்லை. தெரிந்தும் இருக்கலாம். மதுரைக்குக் காட்டிருங்க என்று சொன்னவரை விட்டுவிட்டு, உப்பு சேருங்க என்று சொன்னவரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என்ன? காட்டினால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்ததால்தானே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அவளே பதினாலு நாள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.   சாமி, என் தப்பாகவே இருக்கட்டும். அவள் கும்பிட்டது அவ்வளவுதான். ஆயுசு முழுக்க அண்ணன் சொல்லிக் காட்டட்டும், சுகந்தி பேசாமல் போகட்டும், ஊர் காறித் துப்பட்டும். புருஷன் கைவிட்டுப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது ஏன் வந்த என்று கேட்காமல் உள்ளே போ என்று மட்டும் சொன்ன மனுஷனை நான்தான் உப்பில்லாமல் படுக்க வைத்தேன் என்று இருக்கட்டும். கை செய்த தப்பு என்றால் கை திருத்திவிடும்.

மெர்சி டாக்டர் பதினொன்று பத்துக்கு வந்தார். "ஜெயக்கொடி, வாங்க, ரூமுக்குள்ள போய்ப் பேசுவோம்" என்றார். அவர் உட்காருமுன்பே இவள் ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லிர்றேன். மூணு மாசமா நான் அண்ணனுக்கு உப்பே போடல. ஒரு கல்லுகூடப் போடல. குறைக்கச் சொன்னாங்க, நான் நிப்பாட்டிட்டேன். அதனாலதான் இப்படி இறங்கிருச்சு."

டாக்டர் முழுவதையும் கேட்டார். "உங்க சமையலால இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டாக்டர். தொண்ணூறு நாளு."

"காலையில மூத்திரமும் டெஸ்ட்டுக்கு எடுத்தோம்ல? உடம்புல உப்புப் பத்தலைன்னா கிட்னி அதை இறுக்கிப் பிடிச்சுக்கும், வெளிய விடாது. உங்க அண்ணனுக்கு மூத்திரத்துல உப்புத் தாராளமாப் போகுது. அவருக்கு உப்பு இல்லாம இல்ல. தண்ணி வெளிய போகாம உள்ளயே தங்கிருச்சு, அதுல இருக்கிற உப்பு நீர்த்துப் போச்சு."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள். "தண்ணி ஏன் தங்குது?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தண்ணிய வெளிய விடாதேன்னு சொல்ற ஒரு சுரப்பு இருக்கு. நுரையீரல்ல இருக்கிற அந்தக் கட்டி அதைச் சுரக்குது. போன தடவையும் அதேதான் நடந்துச்சு. காலையில எடுத்த எக்ஸ்ரேயிலயும் தெரியுதும்மா. ஸ்கேன் எடுப்போம். ஆனா வந்திருக்கு."

வந்திருக்கு. யாரோ விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல் அந்தச் சொல் மேஜைமேல் கிடந்தது. ஜெயக்கொடிக்குக் காது அடைத்துக்கொண்டது. டாக்டரின் வாய் அசைந்தது. மருந்து இருக்கு, போன தடவை கேட்ட மாதிரி கேக்கும்னு சொல்ல மாட்டேன், முதல்ல உப்பை ஏத்துவோம், மெதுவாத்தான் ஏத்தணும், வேகமா ஏத்துனா மூளைக்கு ஆகாது. எல்லாம் தூரத்தில் எங்கோ ஓடுகிற பம்புசெட் சத்தம்போல வந்தது. "வீட்ல தண்ணி நிறையக் குடிச்சாரா?" என்பது மட்டும் பக்கத்தில் கேட்டது.

"கஞ்சித் தண்ணி குடுத்தேன். மோரு. உப்புப் போட்டு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்கும்?"

"ஆறு செம்பு. ஏழு."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டர் எதையும் காட்டிக்கொள்ளாத மனுஷி, பேனா மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

"போன தடவை சிஸ்டர் ஜக்கு வச்சு அளந்து குடுத்தாங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க குடுக்காம இருந்திருந்தாலும் கட்டி வந்திருக்கும். அது உங்களால இல்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. உன் தப்பு இல்லை என்று இத்தனை வருஷத்தில் யாராவது சொல்ல மாட்டார்களா என்று புருஷன் வீட்டிலும் அதற்கப்புறமும் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள், ஒருவரும் சொன்னதில்லை. இன்று சொல்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாதா என்று இருந்தது. "என்னாலதான்னு எழுதிக்கங்க டாக்டர்" என்றாள். தான் பேசுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே சொன்னாள். டாக்டர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். "அவர் இன்னும் முழுசாத் தெளியல. இப்ப அவர்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். இன்னைக்குத் தண்ணி அரை லிட்டருக்கு மேல கூடாது, சிஸ்டர்தான் குடுப்பாங்க. கெஞ்சுவாரு. நீங்க குடுத்துறாதீங்க."

வார்டில் அண்ணன் முழித்திருந்தார். கையில் ஊசி ஏற்றி, மேலே சின்ன பாட்டில், சொட்டுகள் நின்று நிதானித்து விழுந்துகொண்டிருந்தன. அவளைப் பார்த்ததும் முகத்தில் அடையாளம் தெரிந்தது. நேற்றிலிருந்து இல்லாத அடையாளம். அது இப்போது எதற்கு வந்தது என்று ஒரு நொடி கோபம்கூட வந்தது அவளுக்கு. கட்டிலை ஒட்டி நின்றாள்.

"என்ன சொல்லுச்சு அந்தம்மா?" நாக்குத் தடித்து, மெல்லத்தான் வந்தது பேச்சு.

"உப்புக் குறைஞ்சிருச்சாம்ணே."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். நான் சோத்துல உப்புப் போடாம விட்டேன்ல மூணு மாசம். அதனால வந்ததாம்."

அவர் கூரையைப் பார்த்தார். யோசிப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது, நெற்றி சுருங்கி விரிந்தது. "அது திரும்ப வரலையே?"

"எதுண்ணே?"

"அதுதான்."

"வரலண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டுப்போனது, தாடை தளர்ந்தது. இவ்வளவு நாள் இந்த மனுஷனும் அதே கேள்வியைத்தான் வாய்க்குள் வைத்துக்கொண்டு, உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறார் என்பது ஜெயக்கொடிக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்து, "அப்பத் தண்ணி குடு" என்றார்.

"இப்ப வேணாம்ணே. சிஸ்டர் வந்து குடுப்பாங்க."

"உப்புத்தான குறைஞ்சிருக்கு? உப்புப் போட்டுக் குடு. வீட்ல குடுத்தியே."

 உப்புக் குறைச்சல்தான் என்றால் உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டியதுதானே. கொடுக்கக் கூடாததற்கு இருக்கிற ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டிலின் அலமாரிமேல் யாருடைய தண்ணீர் பாட்டிலோ இருந்தது. அண்ணனும் அதைத்தான் பார்த்தார்.

"ஒரு மடக்கு, கொடி."

"தர மாட்டேண்ணே."

"ஏன்?"

"தரக் கூடாது."

"ஏங்கிறேன்?"

அவள் நகர்ந்து அந்த பாட்டிலை மறைத்து நின்றாள். அவர் கண்ணில் பழைய ஆள் எட்டிப் பார்த்தார், ஓட்டல் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்ட ஆள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "சோத்துல உப்பக் காட்டல" என்றார், ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி. "இப்பத் தண்ணியும் காட்ட மாட்டேங்கிற. என்னயக் கொல்லணும்னுதான இருக்க நீ?" சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். வாசலில் மருந்துத் தட்டோடு வந்த சிஸ்டர் அப்படியே நின்றார்.

"ஆமாண்ணே" என்றாள் ஜெயக்கொடி. "நாந்தான். எல்லாம் நாந்தான் பண்ணேன்."

அண்ணன் அதை நம்பினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.